துடைக்காமல் விட்ட திரை

கணினியில் ஒரு புதிய ஜன்னலைத் திறக்கும்போது, அதற்குள் எழுத்தோ படமோ வருவதற்கு முன்னால், சில வண்ணப் புள்ளிகளும் கிழிந்த கோடுகளும் வந்து மறையும். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். நம் தொழிலில் அதற்குக் குப்பை என்று பெயர். டிஸ்ப்ளே டிரைவர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நஸ்ரீன் கேட்டபோது, பெருமையாகச் சொல்லிக்கொள்ள நாலு அனுபவங்கள் கிடைக்கும் என்றுதான் உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் அந்தக் குப்பையில் வந்து நின்றேன். சரி, அதையே எழுதிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

இதில் தவறு செய்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: என் வேலை வாழ்க்கையில் அந்த நாட்களைப்போல உடம்பெல்லாம் விறுவிறுவென்று இருந்த நாட்கள் வேறு இல்லை. வெட்கமும் அந்த விறுவிறுப்பும் இன்றும் என்னிடம் ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

விஷயம் எளிது. ஒரு செயலி திரையில் எதையாவது காட்ட வேண்டுமென்றால், படம் வரைய மெமரியில் கொஞ்சம் இடம் கொடு என்று, திரையை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கேட்கும். டிரைவர் காலியான இடத்தை எடுத்துக் கொடுக்கும். அங்கே முன்பு குடியிருந்த செயலி போய்விட்டது, அவ்வளவுதான் காலி என்பதற்கு அர்த்தம். அது வரைந்துவிட்டுப் போன படம் அங்கேயே கிடக்கும். அதைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பது டிரைவரின் பொறுப்பு.

அந்தத் துடைக்கும் நிரல் வரியை எடுத்துவிட்டவன் நான்.

அப்போது சென்னையில் இருந்தேன். பள்ளிகளுக்கும் சேவை மையங்களுக்கும் போகும் மலிவான கணினிகளுக்கு நம் நிறுவனம் இயங்குதளம் செய்துகொண்டிருந்தது. அந்தக் கணினிகளில் ஒரு ஜன்னல் திறப்பதற்குள் ஆள் எழுந்து டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நான் உட்கார்ந்து தேடியதில், ஒவ்வொரு முறையும் மெமரியைத் துடைப்பதில்தான் நேரம் போகிறது என்று தெரிந்தது. அந்த வரியை எடுத்தேன். ஜன்னல்கள் பட்டென்று திறந்தன. கைதட்டினார்கள். என் மாற்றத்தைச் சரிபார்த்த மூத்த பொறியாளர் ஓர் அம்மையார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தார்: அப்படியானால் யார் துடைப்பார்கள்? அடுத்து வருபவர் அதன் மேலேயே வரைந்துவிடுவாரே, பிறகு துடைக்க என்ன இருக்கிறது என்று பதில் எழுதினேன். பதிலில் கொஞ்சம் நக்கலும் இருந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்க முடியாதபடி எழுதியிருந்தேன் என்பதுதான் சரி.

வருடங்கள் ஓடின. நிறுவனம் சிறிய ஊர்களில் கிளை திறந்தபோது, செஞ்சிக்காரன் என்பதால் இந்தக் கிளைக்கு என்னைப் பொறுப்பாக அனுப்பினார்கள். திண்டிவனம் சாலையில் உரக்கடைக்கு மேல்மாடி; நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே இடம். ராஜகிரிக் கோட்டை தெரிகிற ஜன்னலோரம் என் மேசை. எதிர் மேசையில் நஸ்ரீன். இன்று உங்களுக்கெல்லாம் தலைவராக இருக்கும் அதே நஸ்ரீன்தான். அப்போது சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை எதிரிலேயே நிற்கும் பழக்கம் அன்றே உண்டு.

ஒரு முற்பகல் என் மேசைக்கு வந்து, "சார், குப்பைன்னு சொல்றோமே, அது குப்பை இல்ல சார்" என்றார்.

ஒரு சின்ன செயலி எழுதி வந்து என் கணினியில் ஏற்றினார். அது டிரைவரிடம் இடம் கேட்கும். கொடுத்த இடத்தில் எதையும் வரையாமல், என்ன கிடக்கிறது என்று எடுத்துக் காட்டும். காட்டியது. திரை முழுக்கப் புள்ளி மழை. இதைத்தானே எல்லோரும் பார்த்திருக்கிறோம் என்றேன். பொறுங்க சார் என்றார். ஒரு படம் மெமரியில் வரிவரியாகத்தான் கிடக்கும். வரியின் நீளம் தெரியாமல் அடுக்கினால் எல்லாம் புள்ளியாகத் தெரியும். அவர் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். புள்ளிகள் கோடுகளாயின. கோடுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன, காற்றில் சாய்ந்த நாற்றுபோல. இன்னும் கொஞ்சம் கூட்டினார். சாய்வு குறைந்தது. அதற்குள் மற்ற மேசைக்காரர்களும் எழுந்து பின்னால் வந்து நின்றிருந்தார்கள். கடைசியாக ஒரு தட்டு. படம் நிமிர்ந்து நின்றது. காலையில் நான் அதே கணினியில் திறந்து பார்த்துவிட்டு மூடியிருந்த என் மருத்துவப் பரிசோதனை முடிவு. என் பெயர், வயது, சர்க்கரை அளவு, எல்லாம் பளிச்சென்று.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருடம் கண்ணெதிரே மின்னி மறைந்த குப்பைக்குள் முழு முழுப் பக்கங்கள் இருந்திருக்கின்றன. அதை நிமிர்த்திப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. தொழிலில் இதைவிட இன்பமான ஒரு நொடி கிடையாது. உங்களுக்கும் வாய்க்கட்டும்.

பிறகு மதிப்பிட உட்கார்ந்தேன். அங்கேதான் சறுக்கினேன்.

ஒரு பாதுகாப்பு ஓட்டை எவ்வளவு ஆபத்தானது என்று முடிவு செய்ய நாம் வரிசையாகக் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். அவற்றில் ஒன்று, தாக்குபவர் இதைச் செய்ய அந்தக் கணினியில் லாகின் ஆகியிருக்க வேண்டுமா என்பது. வேண்டும் என்று போட்டால் ஆபத்தின் அளவு சரசரவென்று இறங்கிவிடும். உள்ளே நுழைய உரிமை உள்ளவர் தன் கணினியில் தன் குப்பையைத்தானே கிளறுகிறார் என்பது அதற்குப் பின்னால் உள்ள நியாயம். நான் வேண்டும் என்று போட்டேன். சாதாரணக் கோளாறு, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தேன்.

நஸ்ரீன் எதிரிலேயே நின்றார். "சார், மும்தாஜ் அக்கா கடையில யாரு சார் லாகின்?"

மும்தாஜ், கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். சான்றிதழ் விண்ணப்பம், பட்டா, தேர்வு முடிவு, கல்லூரிக் கலந்தாய்வு என்று செஞ்சியும் சுற்றுப்பட்டு ஊர்களும் அங்கேதான் போகும். அங்கே இருந்ததெல்லாம் நம் இயங்குதளம் ஓடும் கணினிகள். அத்தனைக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. ஒவ்வொருவரும் கேட்டுத் தொல்லை செய்யக்கூடாது என்று அதைச் சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தார். நானே எத்தனையோ முறை அதைப் பார்த்து அடித்து உள்ளே போயிருக்கிறேன். அங்கே லாகின் வேண்டும் என்பதற்கு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு கடைக்காக மதிப்பீட்டை மாற்றுவார்களா என்று நஸ்ரீனைப் பார்த்துச் சிரித்தேன்.

ஏன் என்று பிற்பாடு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அது என் வரி. ஆபத்தானது என்று எழுதினால், யார் எடுத்தது, யார் கேள்வி கேட்டார், என்ன பதில் சொன்னான் என்று பழைய பேச்செல்லாம் மேலே வரும். அவ்வளவுதான் காரணம். இதைவிடக் கௌரவமான ஒரு காரணம் என்னிடம் இல்லை.

சில வாரங்கள் கழித்து, கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளைப் பதியும் நாட்கள் வந்தன. ஒரு பிற்பகல் ஏதோ அச்செடுக்க மும்தாஜ் கடைக்குப் போனேன். வாசலில் கூட்டம். உள்ளே ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். தொண்டூரில் பயிர் வைப்பவர், என்னோடு பள்ளியில் படித்தவரின் தம்பி. அவர் பெண் அதே கடையில் உட்கார்ந்துதான் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிந்திருந்தாள். யாரோ அவள் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய் வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். விழுப்புரம் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் அடியில். கேள்விப்பட்டே இராத ஊர்க் கல்லூரி உச்சியில். கடைசி நாளுக்கு முன்பே அவள் பார்த்துவிட்டதால் திருத்த முடிந்தது. ஆனால் ஏழுமலைக்கு ஒரே கணக்குதான்: அந்தப் பாஸ்வேர்டைப் பார்த்த இடம் இந்தக் கடை ஒன்றுதான்.

"என் பொண்ணு இங்கதான உக்காந்து அடிச்சா? ஊட்ல கம்பியூட்டரா வெச்சிக்கிறோம்? நீ விக்கலன்னா வேற எவன் வித்தான்?"

"அண்ணே, ஒருத்தர் எழுந்தா நான்தான் வந்து எல்லாத்தையும் மூடி, அழிச்சி, தொடச்சிட்டுதான் அடுத்த ஆள உக்கார வெக்கிறேன். ஒங்க பொண்ணுக்கும் அப்டித்தான் செஞ்சேன். அவளையே கேளுங்க."

கூட்டத்திலிருந்து ஒருவர், "பாஸ்வேர்ட செவுத்துல ஒட்டி வெச்சிட்டுப் பேச்சப் பாரு" என்றார். சிலர் சிரித்தார்கள். உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் வேலையை முடிக்காமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் போவதை மும்தாஜ் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் சொன்னது நிஜம். நான் அங்கே போகும் போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் எழுந்த பிறகு வந்து, திறந்ததை எல்லாம் மூடி, பதிவுகளை அழித்து, கையில் உள்ள துணியால் கீபோர்டையும் ஒரு துடை துடைப்பார். அவர் துடைக்க முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் அந்தக் கணினியில் இருந்தது. அதைத் துடைக்க வேண்டாம் என்று வைத்தவன் அங்கே அச்செடுக்க வந்து நின்றுகொண்டிருந்தான்.

மூலையில் ஆளில்லாமல் இருந்த கணினியில் உட்கார்ந்தேன். பதிவிறக்கங்களைத் திறந்தேன். பாட்டு, படம், விண்ணப்பம் இவற்றுக்கு நடுவே பெயரில்லாத ஒரு சின்ன செயலி. ஏழுமலை பெண் வந்த அதே நாளில் இறக்கியது. ஓட்டிப் பார்த்தேன். நஸ்ரீன் எழுதியது செய்த அதே வேலையைச் செய்தது. வரி நீளத்தைக்கூடத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. பதிவு முடிந்ததும் கலந்தாய்வுத் தளம் பயனர் எண்ணையும் பாஸ்வேர்டையும் பெரிய எழுத்தில் காட்டும், அச்செடுத்துக்கொள்ள வசதியாக. அந்தப் பக்கத்தை எவனோ எடுத்திருக்கிறான். எவன் என்று இன்றுவரை தெரியாது.

எழுந்து நின்று, இந்த அம்மா மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நான்கு வார்த்தை. ஏழுமலை என்னை நம்பியிருப்பார். நான் சொல்லவில்லை. அலுவலக விஷயம், உறுதி செய்யாமல் வெளியே பேசக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பைக்கை எடுத்தேன். திண்டிவனம் சாலையில் வேகமாகப் போகும்போது எனக்குள் இருந்தது பயமோ இரக்கமோ என்று நினைத்துவிடாதீர்கள். சந்தோஷம். நாங்கள் கண்டுபிடித்த ஒன்று நிஜ உலகத்தில் நடந்திருக்கிறது, அதை அடைக்கப் போகிறவர்கள் நாங்கள் என்ற சந்தோஷம். இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கும் ஒருநாள் இப்படித் தோன்றும், அதனால் எழுதுகிறேன்.

நஸ்ரீனிடம் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. உடனே வேலையில் இறங்கினார். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, ஆபத்தின் அளவை உச்சத்துக்கு ஏற்றச் சொன்னேன். முதலில் குறைவாக மதிப்பிட்டது யார் என்று கேட்டார்கள். புதிய தகவல் வந்திருக்கிறது என்றேன். கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று.

துடைக்கும் வரியை அப்படியே திருப்பிப் போட்டால் பழைய தாமதமும் திரும்பி வரும். நஸ்ரீன் வேறு யோசனை சொன்னார்: இடம் கேட்கும்போது துடைக்காமல், திருப்பிக் கொடுக்கும்போதே துடைத்துவிடலாம், கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அந்த வேலை நடக்கும், துடைக்காத இடத்தை எக்காரணம் கொண்டும் வெளியே கொடுக்கக்கூடாது. கேட்டதும் மேசையைத் தட்டினேன். அன்று அந்த மாடியில் நடந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் எழுத, ஒருவர் உடைக்க, ஒருவர் திருத்த, மறந்துபோன டீ மேசையிலேயே ஆறியது. மறுநாள் முற்பகலுக்குள் அலுவலகத்தில் இருந்த எல்லாக் கணினியிலும் ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஓடியது. எதிலும் கோளாறு இல்லை, எதுவும் மெதுவாகவும் இல்லை.

சாயங்காலத்துக்குள் எல்லா மையங்களுக்கும் அனுப்பிவிடுங்கள் என்று தலைமை அலுவலகம் சொன்னது. அடுத்த நாள் விருப்பப் பதிவின் கடைசி நாள். அதற்கு முன்னால் ஓட்டை அடைபட்டாக வேண்டும். பேட்சோடு போகும் குறிப்பில் காட்சி மேம்பாடு என்று போட்டால் போதும் என்றும் சொன்னார்கள். நான் சரி என்றேன்.

நஸ்ரீன் சரி என்று சொல்லவில்லை. பழைய கணினிகளில் படம் வரையும் சிப் வேறு வகை. "பழைய சிப்ல ஓட்டிப் பாக்காம எப்படி சார் அனுப்பறது?"

"நம்மகிட்ட அந்த மெஷினே இல்லையே நஸ்ரீன்."

"மும்தாஜ் அக்கா கடையில இருக்குது சார். ஸ்கூல் ஏலத்துல எடுத்தது. பூரா அந்த சிப்புதான்."

அவர் என்ன கேட்கிறார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடையில் போய்க் கணினியைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். சோதிக்காமல் அனுப்புவதற்கு எனக்கு நல்ல காரணம் இருந்தது: நேரம் இல்லை, ஓட்டை திறந்திருக்கிறது, மேலிடம் சொல்லிவிட்டது. அவசரத்தில் எல்லாக் காரணமும் நல்ல காரணமாகத்தான் தெரியும். ஆனால் அன்று அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கியபோது, எல்லாமே என்னை அந்தக் கடைக்குப் போகவிடாமல் செய்பவையாக இருந்தன. அப்போதுதான் எனக்கு என்மேல் சந்தேகம் வந்தது. போகலாம் என்றேன்.

கடையில் கூட்டமே இல்லை. வழக்கமாக அந்த நாட்களில் வாசல்வரை நிற்பார்கள். மும்தாஜ் காலியான நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஒரு சோதனைக்காக உங்கள் கணினி ஒன்று வேண்டும் என்றேன்.

"எதுக்கு சார் என் மெஷினு?"

தரக் கட்டுப்பாடு என்று ஒரு பதில் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். நஸ்ரீன் பக்கத்தில் நின்றார். அந்தப் பதிலை விட்டுவிட்டுச் சொன்னேன்:

"ஏழுமலை பொண்ணோட பாஸ்வேர்டு உங்களால போகலம்மா. எங்க டிரைவரால போச்சு. நீங்க எல்லாத்தையும் மூடின பிறகும் அந்தப் பக்கம் உள்ளேயே இருந்திருக்கு. அதை ஒருத்தன் எடுத்திருக்கான்."

"நேத்து நீங்க இங்கதான சார் இருந்தீங்க?"

"இருந்தேன்."

"அப்ப தெரியாதா?"

"தெரியும். அதுக்கு முன்னாடியே தெரியும். சின்ன கோளாறுன்னு நான்தான் எழுதி வெச்சேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? அந்த அண்ணன் கிட்ட சொல்லுங்க. நேத்து நின்னவங்க இருக்கச் சொல்லோ சொல்லுங்க. அப்பால மெஷின எடுத்துக்கோங்க."

அவரே போன் போட்டார். ஏழுமலை தொண்டூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். எதிர்க்கடை, பக்கத்துக் கடைக்காரர்கள் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். கோளாறு எங்கள் டிரைவருடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஏழுமலைக்கு நம்பிக்கை வரவில்லை. சாரு கடைக்காரம்மாவுக்கு வேண்டியவரு என்று யாரோ முனகினார்கள். பேசிப் பயனில்லை, காட்டிவிடலாம் என்று நஸ்ரீன் சொன்னார்.

என் ஓய்வூதியக் கணக்குப் பக்கத்தைத் திறந்தேன். என் புகைப்படத்தோடு இருக்கும் பக்கம். எல்லோரும் பார்த்த பிறகு மூடினேன். மும்தாஜ் வழக்கம்போல எல்லாவற்றையும் அழித்தார், கீபோர்டைத் துடைத்தார். நஸ்ரீன் செயலியை ஓட்டினார். புள்ளி மழை. கோடுகள். சாய்ந்த கோடுகள். சாய்வு குறைந்துகொண்டே வந்தது. முதலில் தலைமுடி தெரிந்தது, பிறகு கண்ணாடி, பிறகு முகம்.

"சாரே, இது ஒங்க மூஞ்சி."

"ஆமா ஏழுமலை."

"அந்தம்மா தொடச்சாங்களே. நான் பாத்துக்கினே இருந்தேனே."

"அவங்க தொடச்சாங்க. நாங்க தொடைக்கல."

அவர் மும்தாஜ் பக்கம் திரும்பினார். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

இனி பேட்ச். ஏற்றினோம். கணினி நின்று மறுபடி எழ வேண்டும். நின்றது. எழவில்லை. திரை கறுப்பு. மறுபடி முயன்றோம். மறுபடியும் கறுப்பு.

மும்தாஜ் மெதுவாகச் சொன்னார்: "பேருதான் போச்சுன்னு பாத்தேன். இப்ப மெஷினும் போச்சா சார்?"

நஸ்ரீன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த கேள்வி எனக்குப் புரிந்தது. நாங்கள் வராமல் இருந்திருந்தால், இந்தக் கறுப்புத் திரை அன்று சாயங்காலம் இந்தச் சிப் உள்ள ஒவ்வொரு மையத்துக்கும் போயிருக்கும். விருப்பப் பதிவின் கடைசி நாளில் எத்தனை ஊர்களில் எத்தனை பிள்ளைகள் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பழைய சிப், தனக்கு வேண்டிய சில குறிப்புகளைப் படம் வரையும் மெமரியின் கடைசி ஓரத்திலேயே வைத்துக்கொள்ளும். நாங்கள் துடைத்த துடையில் அதுவும் போய்விட்டது. சென்னையில் அந்த வரியை எடுத்த நாளிலேயே எனக்கு இது தெரியும். துடைப்பதே தொல்லை என்பதற்கு இதையும் ஒரு சாக்காகச் சொல்லியிருக்கிறேன்.

"கடைசி ஓரத்தை விட்டுடு நஸ்ரீன். அங்க சிப்போட சொந்த சாமான் இருக்கு. அதை யாருக்கும் கொடுக்கவும் வேணாம், தொடைக்கவும் வேணாம்."

அவர் மடிக்கணினியை மடியில் வைத்துத் தட்டத் தொடங்கினார். பக்கத்துக் கடைக்காரர் எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார். என்ன நடக்கிறது என்று ஒருவர் இன்னொருவருக்குத் தனக்குத் தெரிந்தவரை விளக்கிக்கொண்டிருந்தார். திருத்திய பேட்ச் ஏறியது. கணினி நின்றது. எழுந்தது. திரையில் வெளிச்சம் வந்தபோது, ஏழுமலைதான் முதலில் சிரித்தார்.

மறுபடி என் பக்கத்தைத் திறந்தேன், மூடினேன். நஸ்ரீன் செயலியை ஓட்டினார். நீளத்தைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். எங்கே தேடினாலும் ஒரே கறுப்பு.

"ஒண்ணும் தெரியலயேம்மா" என்றார் ஏழுமலை.

"அதாண்ணே வேணும்" என்றார் நஸ்ரீன்.

ஒன்றுமே இல்லாத ஒரு திரையைப் பார்த்து அத்தனை பேர் மகிழ்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பக்கத்துக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலுக்கு நான் தகுதியில்லை என்பது அந்த அறையில் நஸ்ரீனுக்கும் மும்தாஜுக்கும் தெரியும்.

ஏழுமலை எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நாளிக்குப் பொண்ண இட்டாறேன். கடைசியா ஒருதபா சரிபாத்துக் குடுத்துடு" என்றார் மும்தாஜிடம்.

"காலைல வாங்க. கூட்டமா இருந்தா வரிசையில உக்காரணும்" என்றார் மும்தாஜ்.

மன்னிப்பு அவ்வளவுதான் கேட்கப்பட்டது, அவ்வளவுதான் கொடுக்கப்பட்டது.

அலுவலகம் திரும்பிக் குறிப்பை எழுதினேன். காட்சி மேம்பாடு என்று எழுதவில்லை. ஒருவர் மூடிய பக்கத்தை அடுத்தவர் பார்க்க முடிந்தது, பொதுக் கணினிகளில் இது ஆபத்து, மையத்தை நடத்துபவர்கள் இதற்குக் காரணம் அல்ல என்று எழுதினேன். முதல் மதிப்பீடு தவறு, செய்தவன் நான் என்று பெயரையும் போட்டேன். தலைமை அலுவலகத்தில் பெயரை எடுத்துவிடலாமே என்றார்கள். இருக்கட்டும் என்றேன். பேட்ச் அன்றே போனது. எங்கும் திரை கறுப்பாகவில்லை.

இத்தோடு கதையை முடித்தால் நான் நல்லவனாகத் தெரிவேன். ஆனால் பாஸ்வேர்டு திருடுகிற கடை என்ற பேச்சு போன ஊர்களுக்கெல்லாம், இல்லை என்ற பேச்சு போய்ச் சேரவில்லை. தளவானூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள். அடுத்த வருடம் மும்தாஜ் கடையின் பாதியை மூடி, தையல் பொருள்கள் விற்கக் கொடுத்துவிட்டார். நான் முதல் நாளே உண்மையாக மதிப்பிட்டிருந்தால், இல்லை, அந்தப் பிற்பகல் எழுந்து நின்று அந்த நான்கு வார்த்தையைச் சொல்லியிருந்தால்கூட, அந்த நாற்காலிகளில் சில இன்னும் அங்கேயே இருந்திருக்கும். நம் தொழிலில் டிரைவருக்குப் பேட்ச் உண்டு. இதற்கு நான் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

லாகின் வேண்டுமா என்ற கேள்வி வரும்போது, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் எழுந்தால் யார் உட்காரப் போகிறார் என்று யோசியுங்கள். கேள்விக்குரிய வரியை எழுதியவர் நீங்களே என்றால், மதிப்பீட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். எதிரில் ஒருவர் நின்றுகொண்டே இருந்தால் உட்காரச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு, வருடத்துக்கு ஒருமுறை நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஓய்வூதிய அலுவலகத்துக்குச் சான்று அனுப்ப வேண்டியிருக்கிறது. மும்தாஜ் கடையில்தான் அனுப்புகிறேன். சுவரில் இப்போது எதுவும் ஒட்டியில்லை. வாங்க சார் என்பார். வேலையைச் சுத்தமாக முடித்துத் தருவார். குறை ஒன்றும் சொல்ல முடியாது. முடிந்ததும் எல்லாவற்றையும் மூடி, அழித்து, கீபோர்டைத் துடைப்பார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி வைத்து, "பாத்துக்கோங்க சார்" என்பார்.

வேறு யாருக்கும் அவர் அப்படித் திருப்பிக் காட்டுவதில்லை. நான் ஒவ்வொரு வருடமும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்து வருகிறேன்.